முடிச்சைத் தாண்டும் வரை

சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அது ஆரம்பித்தது. டிவியில் ஒரு பெண் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார். அவர் கைக்குக் கீழே சிவப்புப் பட்டையில் எழுத்துகள் ஓடின. வடக்கே ஒரு பெரிய ஊரின் பெயர், அதை அடுத்து "குறுக்கு ஓடுபாதைகளில் ஒரே நேரத்தில் இரு விமானங்கள்", அதை அடுத்து தங்கத்தின் விலை. பட்டை மறுபடி சுற்றி வரும்வரை தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். சுற்றி வந்தது. அதே சொற்கள். என்ன ஆயிற்று என்பது அதில் இல்லை.

என் மகள் அந்த ஊரில்தான் வேலை பார்க்கிறாள். அன்று காலை அங்கிருந்து கிளம்பி, பெங்களூரில் மாறி, சாயங்காலம் சின்ன விமானத்தில் எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் அவள் அனுப்பிய செய்தி என் போனில் இருந்தது: "பெல்ட் போட்டாச்சு. வாரேன்மா."

வேறொரு தாயாக இருந்தால் விமானம் என்ற சொல்லில் பயந்திருப்பாள். நான் குறுக்கு என்ற சொல்லில் பயந்தேன். அதைப் படித்ததும் எங்கள் மொட்டைமாடியும், அதில் ஒன்றுக்கொன்று குறுக்கே கட்டிய இரண்டு துணிக்கொடிகளும், அவை சேரும் இடத்தில் போட்ட முடிச்சும் கண்முன் வந்தன. முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு விரலை நீட்டிக்கொண்டு மாடி மேடம் நின்றார். எத்தனையோ வருடங்களாக நினைக்காத ஆள். வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு அதே நீலக் கைத்தறிப் புடவையில் நின்றார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. மாடியில் குடியிருந்ததால் மாடி மேடம். என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. ஓமலூர்ப் பக்கம் சோளக்காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே இருக்கும் எங்கள் விமான நிலையத்தில், இறங்கு, கிளம்பு, நில் என்று விமானங்களுக்குச் சொல்லும் கோபுரத்தில் அவருக்கு வேலை. ஒரே ஓடுபாதை. அப்போதெல்லாம் நாளைக்கு ஒரு விமானம் வந்து போகும். மேகம் மலையைப் பிடித்துக்கொண்டால் அதுவும் வராது. அதற்கு முன்னால் அவர் பல வருடம் இருந்த இடத்தில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகுமாம். அந்த ஊரின் பெயரை அவர் சொன்னதில்லை. "அங்க" என்பார். அங்கே மூச்சுவிட நேரமில்லாமல் செய்த வேலை அவர் உடம்பில் தங்கிவிட்டது. இங்கே அதற்கு வேலை இல்லை. ஆகவே அது எங்கள் வீட்டில் இறங்கியது.

வீடு பார்க்க வந்த அன்று அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. வாசலில் நின்று, கேட்டிலிருந்து வரும் பாதையையும் மாடிப்படியிலிருந்து இறங்கும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் பைக் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டும் சேர்ந்தன.

"மேல இருந்து ஒருத்தர் இறங்கறப்ப வெளிய இருந்து ஒருத்தர் வந்தா?" என்று கேட்டார்.

"வந்தா என்னங்க, ஒதுங்கிக்குவோம்," என்றார் என் கணவர்.

"யாரு ஒதுங்குவாங்க?"

கணவர் என்னைப் பார்த்தார். "இது வரைக்கும் யாரும் மோதிக்கலீங்க மேடம்."

"மோதலைன்னா சரியா இருக்குதுன்னு ஆயிடாது சார்," என்றார்.

குடிவந்த நாளிலிருந்து, இறங்கும்போது கடைசிக்கு முந்தின படியில் ஒரு கணம் நிற்பார். கேட்டைப் பார்ப்பார். உதடு அசையும். என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியச் சில நாள் பிடித்தது. "தாண்டிருச்சு" என்று சொல்கிறார். பைக் போயிருந்தால் பைக், பூனை போயிருந்தால் பூனை. அது அந்த இடத்தைக் கடந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவர் கால் நகரும்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் சரிங்க என்போம். புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க, செய்யப்போவதில்லை என்றாலும் சரிங்க. அதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஆத்தூரில் பிறந்து பாதி ஆயுளை வடக்கே கழித்த அவருக்கு அந்தச் சொல் ஆகவே ஆகாது.

"நாளைக்குப் பால் வேண்டாம். நாளன்னைக்கு ஒரு லிட்டர்," என்பார் பால்காரரிடம்.

"சரிங்க மேடம்."

"என்ன சரி?"

"நீங்க சொன்னது சரிங்க."

"நான் என்ன சொன்னேன்?"

பால்காரர் கேட்டுக்குள் நிற்கும் என்னைக் காப்பாற்றச் சொல்லிப் பார்ப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். ஒரு மாதத்தில் அவரே மாறிவிட்டார். மாடி மேடம் சொல்லி முடித்ததும் பால்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு வேண்டாமுங்க, நாளன்னைக்கு ஒரு லிட்டருங்க," என்று பள்ளிக்கூடத்துப் பையன் போல ஒப்பிப்பார். பிறகு கேனை எடுத்துக்கொண்டு, "எங்கூட்டுக்காரி சொல்றதைக்கூட நான் இப்படித் திருப்பிச் சொன்னதில்லீங்க," என்று சொல்லிப் போவார்.

மாடி மேடமும் அப்படித்தான். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்திவிடுங்கள் என்று நான் ஒருமுறை சொன்னால், "தொட்டி நிரம்பினதும் மோட்டாரை நிறுத்திடறேன்," என்று முழுசாகத் திருப்பிச் சொல்வார். முதலில் நக்கல் செய்கிறார் என்று நினைத்தோம். எங்கள் ஊரில் ஒருவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்வது வம்புக்கு இழுப்பது. "என்னம்மிணி, பழிக்கறாங்களா நம்மள?" என்று என் கணவர் குரலைத் தணித்துக் கேட்டார். அப்படி இல்லை என்று எனக்கு எப்போது தெரிந்தது என்று இப்போது நினைவில்லை.

சனிக்கிழமை, பட்டை மூன்றாம் முறை சுற்றி வருவதற்குள் மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. விமானத்தில் போனை அணைத்து வைக்கச் சொல்வார்களே, அணைத்திருந்தால் மணி அடிக்காதே என்று நினைத்தேன். அணைக்கச் சொன்ன பெண்ணிடம் இவள் சரிங்க என்று சொல்லிவிட்டு அப்படியே கையில் வைத்திருப்பாள். எங்கள் வீட்டுப் பிள்ளைதானே. மணி அடிக்கிறது, அவள் எடுக்கவில்லை. தொடர்பு கிடைக்காமல் போயிருந்தால்கூட மனம் இவ்வளவு பதறியிருக்காது. எங்கோ ஒரு விமானத்துக்குள் அவள் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைவது எனக்குத் தெரிந்தது. அதைச் சுற்றி யாரும் இல்லாதது போலவும் தெரிந்தது.

என் கணவர் போர் போடும் ரிக் வண்டிகளுக்கான உதிரி பாகக் கடையிலிருந்து கைக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் வந்து சேர்ந்தார். கடை டிவியில் பார்த்திருக்கிறார். "எடுக்கறாளா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவரும் தன் போனை எடுத்தார்.

மொட்டைமாடியில் முதலில் துணிக்கொடி கட்டியது நான்தான். கிழக்கு மேற்காக ஒன்று. மாடி மேடம் தன்னுடையதை வேறு எங்கும் கட்ட இடமில்லாமல் அதற்குக் குறுக்கே கட்டினார். கட்டிவிட்டு அவரே அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"இதுல இருந்து தப்பிச்சு வந்தா, இங்கயும் இதையே கட்டி வெச்சிருக்கேன் பாருங்க," என்றார்.

அப்போதுதான் விளக்கினார். ஒரு சிவப்புக் கிளிப்பை என் கொடியில் மாட்டினார். ஒரு நீலக் கிளிப்பைத் தன் கொடியின் நுனியில் மாட்டினார். "செவப்பு இறங்கி வருது. நீலம் கெளம்பணும். செவப்பு இந்த முடிச்சைத் தாண்டணும், இல்லைன்னா முடிச்சுக்கு முன்னாடியே ஓரமாத் திரும்பிப் போயிடணும். ரெண்டுல ஒண்ணு நடந்ததை என் கண்ணால பார்க்கற வரைக்கும் நீலத்தோட சக்கரம் ஒரு அடி உருளக் கூடாது."

"தாண்டிரும்னு தெரிஞ்சா போதாதுங்களா?"

"தாண்டிரும் வேற. தாண்டிருச்சு வேற."

சிவப்புக் கிளிப்பை விரலால் தள்ளிக்கொண்டே போனார். முடிச்சைத் தாண்டியது. அதற்கப்புறம்தான் நீலத்தைத் தொட்டார். வெயில் தரையில் இரண்டு கொடிகளின் நிழலும் குறுக்காகக் கிடந்தன. கீழே ஜவ்வரிசி மில்லிலிருந்து புளித்த மாவு வாசனை வந்தது. நான் ஏதோ ஒரு கனவின் நடுவில் நின்று துணி காயப்போடுவது போல இருந்தது. அதன் பிறகு ஈரப் புடவையை முடிச்சுக்கு அந்தப் பக்கம் இழுக்கும் ஒவ்வொரு முறையும், குறுக்கே எதுவும் வருகிறதா என்று நானும் பார்க்க ஆரம்பித்தேன்.

என் கணவருக்கு அவரைக் கிண்டல் செய்யப் பிடிக்கும். "ஒரே ஒரு பஸ் வார ஸ்டாண்டுக்கு டைம் கீப்பர் போட்ட மாதிரி இருக்குதுங்க உங்க உத்தியோகம்."

"ஒண்ணு வந்தாலும் அது எதையாவது தாண்டணும் சார். போன வாரம் மயிலு."

விடுமுறை நாளில் மதிய விமானம் கிளம்பும் நேரத்துக்கு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். சத்தம் முதலில் சோளக்காட்டுக்கு மேல் உருளும். பிறகு சேர்வராயன் மலைப் பக்கம் மெலியும். எங்கள் காதில் நின்றுபோன பிறகும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். நான் வற்றல் தட்டைத் திருப்பி வைத்துவிட்டு, குடத்தைக் கழுவிவிட்டு, கீழே இறங்கப் படிக்கு வரும்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல் வரும். தாண்டிருச்சு. எதைத் தாண்டியது என்று நான் கேட்டதில்லை.

தாரமங்கலத்தில் என் நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு அவரையும் கூட்டிப்போனோம். எங்கள் பந்தி எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த பந்திக்கு ஆள் நின்றுகொண்டிருப்பார். இவர் எழுந்து கை கழுவ ஓட, அவர் உட்கார, இலை எடுக்கிறவர் ஒரு பக்கம் வர, கொதிக்கும் சாம்பார் வாளி மறுபக்கம் வரும். எல்லாரும் ஒரே வாசலில். மாடி மேடம் பாதி இலையில் எழுந்துவிட்டார். கை கழுவும் இடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே இருந்த வாசலில் போய் நின்று, ஒரு கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா அந்தக் கையில் வந்து நின்றார். பட்டு வேட்டி, எச்சில் கை. "யாருங்க நீங்க? பொண்ணூட்டுக்காரங்களா?"

"இல்லை."

"மாப்பிள்ளை ஊடுங்களா?"

"இல்லை."

"பின்ன?"

"மாடி வீடு," என்றார். "வாளி தாண்டட்டும். அப்புறம் போங்க."

அவர் நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது. வாளி போனது. "தாண்டிருச்சு. இப்ப போங்க." அன்று கடைசிப் பந்தி வரை அந்த வாசலில் அவர் கைதான். யார் மேலும் ஒரு சொட்டுச் சாம்பார் சிந்தவில்லை, ஒரு சண்டை வரவில்லை. சண்டை வராத கல்யாணம் என்று என் நாத்தனாருக்குக் கொஞ்சம் குறைகூட. எல்லாம் முடிந்து சமையல்காரர்களோடு உட்கார்ந்து வெறும் ரசம் சோறு சாப்பிட்டார். பெரியப்பா போகும்போது என்னிடம் வந்து, "உங்க மாடியம்மா நல்லவங்கதான் அம்மிணி. ஆனா ஒரு மாதிரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதிரிதான். அது எவ்வளவு தூரம் போகும் என்று கிழங்கு லாரி வந்த அன்று தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு முன்னால் மில்லுக்குப் போகும் சாலை. எதிரே ஒரு சந்து அதில் வந்து சேரும். அறுவடைக் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பள்ளி விட்ட நேரம். நான் கேட்டில் நின்றிருந்தேன். மாடி மேடம் மேலே பால்கனியில். சந்திலிருந்து என் மகள் சைக்கிளில் வந்தாள். மேட்டிலிருந்து லாரி வந்தது. பாரம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. நான் பார்த்தபோது அவளுடைய முன்சக்கரம் சாலைக்குள் வந்துவிட்டிருந்தது.

"நில்லு! நில்லு சாமி!" என்று கத்தினேன்.

அதே நொடியில் என் தலைக்கு மேலிருந்து இன்னொரு குரல். "போ. நிக்காத. மிதி."

கத்தவில்லை. கோபுரத்திலிருந்து பேசிப் பழகிய குரல், அவ்வளவுதான். என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு மிதித்தாள். லாரி அவளுக்குப் பின்னால் போனது. அதன் காற்றில் அவள் பாவாடை ஒரு பக்கமாகப் படபடத்ததை நான் பார்த்தேன். அவள் கேட்டுக்குள் வந்து என் மேல் மோதி நின்றாள். லாரி வெகுதூரம் போய் நின்றது. டிரைவர் இறங்கி, சாலையோரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் மேலே பார்த்தேன். "ஏனுங்க, லாரிக்கு முன்னால என் புள்ளையப் போகச் சொல்றீங்க?"

அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. பிள்ளை பிழைத்திருக்கிறாள், என் கண்முன் நடமாடுகிறாள். ஆனாலும் அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. அதில் பயம் இல்லை. பெற்றவள் சொன்னதை வெட்டிக்கொண்டு, ஒரு குழந்தையை லாரிக்கு முன்னால் போகச் சொல்ல அவருக்கு எங்கிருந்து வந்தது அந்த அமைதி?

மறுநாள் காலை மொட்டைமாடியில் அவரே ஆரம்பித்தார். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, உதறாமலே நின்றார்.

"லாரியால நிக்க முடியாது. அது தெரிஞ்சுபோச்சு. பாப்பாவால நிக்க முடியும். ஆனா முடிச்சு மேல வந்தாச்சு. அங்க நின்னா நடுவுல நிக்கும். உள்ள வந்துட்டதை நிறுத்தக் கூடாது. போகவிடணும்."

"அவ விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா," என்று திருப்பிச் சொன்னார். பிறகு கொடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அங்க ஒரு நாள் ரெண்டும் ஒரே நேரத்துல உருண்டுச்சு. நான் ஒருத்தனை இருன்னு சொன்னேன். அவன் சரின்னு மட்டும் சொன்னான். என்ன சரின்னு நான் கேட்கலை. அவன் இருக்கலை, கெளம்பிட்டான். அப்புறம் அவனைத்தான் நிறுத்தினேன், அவன் இன்னும் முடிச்சுக்கு வரலை. இன்னொருத்தனைப் போகவிட்டேன். ஒண்ணும் ஆகலை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பேப்பர்லகூட வரலை." துணியை உதறினார். "ஒண்ணும் நடக்காத அந்த நாளைத்தான் என்னால மறக்க முடியலைங்க."

அவர் எங்களைப் போல ங்க போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு ஒரு சங்கதி நடந்தது. நான் மறுபடியும் மகளுக்குப் போன் போட்டேன். இந்த முறை மணி அடிக்கவில்லை. நீங்கள் அழைக்கும் எண் வேறொரு அழைப்பில் உள்ளது என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. பேசுகிறாள். யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். "ஏனுங்க, அவ பேசிட்டிருக்கறா," என்று கூவிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே கொய்யா மரத்தடியில் என் கணவர் போனைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தார். "மணி அடிக்குது," என்றார். "எடுக்க மாட்டேங்கறா."

அவர் அழைத்த அழைப்புதான் அது.

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். வெயில், கொய்யா இலைகள், அவர் கையில் காய்ந்த கிரீஸ் எல்லாம் மெதுவாக என்னைச் சுற்றி நகர்ந்தன. அதற்கு நடுவே, இரண்டு கொடிகளும் ஒரு முடிச்சும். நாங்கள் இரண்டு பேரும் விடாமல் உருண்டுகொண்டிருக்கிறோம். நாங்கள் ஓய்ந்த நேரத்தில் என் அண்ணன் கூப்பிடுகிறார், நாத்தனார் கூப்பிடுகிறார், டிவி பார்த்தீங்களா என்கிறார்கள். அவள் போன் அவளிடம் இல்லாமல், வேறு யாருடைய போனிலிருந்தாவது எங்களைத் தேடினால்? எந்தப் பாதையில் அவள் வருவாள்?

"நிறுத்துங்க," என்றேன். "போனை வெச்சிருங்க."

"என்னம்மிணி சொல்ற?"

"நீங்களும் பண்ண வேண்டாம், நானும் பண்ணல. அவ வரட்டும்."

"சும்மா உக்காந்திருக்கச் சொல்றியா? புள்ள என்ன ஆனாளோன்னு தெரியல, சும்மா உக்காரச் சொல்றியா?"

"ஆமாங்க. உக்காருங்க."

அவர் என்னை அடித்துவிடுவார் போலப் பார்த்தார். பிறகு போனைச் சாப்பாட்டு மேசையில் என் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணன் கூப்பிட்டார். "வெச்சிருங்கண்ணா, நாங்களே சொல்றோம்," என்று சொல்லி வைத்தேன். பிறகு எதுவும் இல்லை. டிவியை அணைத்துவிட்டோம். இரண்டு போன்களும் கறுப்பாகக் கிடந்தன. அவற்றைத் தொடாமல் இருப்பதைப் போல ஒரு கஷ்டமான வேலையை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை. ஒரு பெண் வருடக்கணக்காக, நாள் முழுவதும், இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒன்றைப் போகவிட்டு, இன்னொன்றைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, கண்ணால் பார்க்கும் வரை காத்திருப்பது. மில்லின் வாசனை வந்தது. அணில் ஒன்று மதில்மேல் ஓடியது. தூங்குவது போலவும் விழித்திருப்பது போலவும் ஒரு நிலை.

என் போன் அடித்தது. தெரியாத எண்.

"அம்மா, நான்தான்."

போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மா? என் போன் சீட்டுக்கு அடியில எங்கயோ ஓடிப்போயிருச்சு. இது பக்கத்து சீட்டு அங்கிளோடது. எவ்வளவு நேரமாப் பண்றேன், பிஸி பிஸின்னே வருது. எனக்கு உங்க நம்பர் மட்டும்தாம்மா மனப்பாடம்." மூச்சு வாங்கினாள். "வேகமா ஓடிட்டிருந்துச்சும்மா, டக்குனு நிறுத்திட்டாங்க. எல்லாரும் முன்னாடி போய் இடிச்சுக்கிட்டோம். நின்னதுக்கப்புறம் ஜன்னல்ல பார்த்தா, குறுக்க இன்னொரு ப்ளேன் போவுது. அவ்வளவு பெருசா. அதுல உக்காந்திருக்கறவங்க ஜன்னல்கூடத் தெரிஞ்சுது."

அங்கே கோபுரத்தில் யாரோ ஒருவர், எது முடிச்சுக்கு வந்துவிட்டது, எது வரவில்லை என்று பார்த்திருக்கிறார். அன்று லாரிக்கு முன்னால் போகவிட்டதும் என் பிள்ளை. இன்று நிறுத்தி வைத்ததும் என் பிள்ளை.

"கேளு சாமி," என்றேன். "ஏதாவது சாப்பிடு. கூட யாராச்சும் இருக்கற எடத்துலயே இரு. அடுத்த ப்ளேன் எப்பன்னு கேட்டுட்டு இதே நம்பர்ல இருந்து சொல்லு."

"சரிங்கம்மா."

"என்ன சரி?"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு குரலில், மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஏதாவது சாப்பிடறேன். கூட யாராச்சும் இருக்கற எடத்துலயே இருக்கறேன். அடுத்த ப்ளேன் எப்பன்னு கேட்டுட்டு இதே நம்பர்ல இருந்து சொல்றேன்."

மாடி மேடம் எங்கள் வீட்டை விட்டுப் போனது ஒரு மாற்றல் உத்தரவில்தான், வேறு காரணம் இல்லை. சாமான் ஏற்றிய வண்டி கேட்டில் நின்றது. என் கணவர் பைக்கை வெளியே எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க போங்க சார் முதல்ல," என்று கையைக் காட்டி, பைக் திருப்பத்தைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். பிறகு ஒருமுறை பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னார். அதற்கப்புறம் அவர் எண் மாறிவிட்டது. இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவர் கட்டிய கொடி வெயிலில் இற்றுப்போய் அறுந்தது. நான் அதே இடத்தில் வேறு கட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளை அழைத்துவரக் கணவர் மட்டும் காரில் போனார். இறங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மொட்டைமாடியில் நின்றேன். சத்தம் மலைப்பக்கமிருந்து வந்தது, சோளக்காட்டுக்கு மேல் தாழ்ந்தது, தரையில் உருண்டது, நின்றது. நின்ற பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் கீழே இறங்கினேன்.

நான் கேட்டுக்கு வந்தபோது கார் சாலையின் எதிர்ப்பக்கம், சந்து முனையில் நின்றிருந்தது. கிழங்கு லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்ததால் இந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை. காரின் கதவு திறந்தது. நெற்றியில் ஒரு பிளாஸ்திரியோடு அவள் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வைத்தாள். மேட்டில் இன்னொரு லாரி வந்துகொண்டிருந்தது. நில்லு என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். லாரி எங்கள் இருவருக்கும் நடுவே புழுதியோடு போனது. ஒரு கிழங்கு உருண்டு சாலையில் விழுந்தது. புழுதி மெல்ல அடங்கியது. அவள் லாரி போன திசையைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தாண்டிருச்சும்மா," என்றாள். "வாரேன்."